நல்ல தூள் வீட்டுக்கு

பிரியந்தி வேண்டுமென்றே வீடியோவில் பனியைக் கலந்துவிட்டாள் என்று நோர்வூட் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். சொன்னது யார் என்று ராக்காயிக்குத் தெரியாது. ராக்காயியின் தங்கச்சி மகள் ஹட்டனிலிருந்து வரும்போது முன் சீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அவள் வந்து பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா மறுநாள் காலை தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்புவதற்குள் பிரியந்தியிடம் இறக்கிவிட்டாள்.

"அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்காமே புள்ள? அமுக்குனா படம் பூரா பனி வந்துருமாம். ஒங்கப்பாவக் காப்பாத்த நீ அமுக்கிட்டியாம்."

"பனிய நான் எதுக்குக்கா அமுக்கி வரவழைக்கணும்? அதுதான் கூப்புடாமலே வருதே."

"நான் சொல்லலடி ஆத்தா. பஸ்ஸுல சொன்னாங்க."

லயத்து வீட்டு வரிசையில் ராக்காயிக்குப் பக்கத்துக் காம்பிரா, அடுத்த அறை. சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "என்ன, சளியா?" என்று கேட்பாள். அவளே பஸ்ஸின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றால், லயத்தில் மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று பிரியந்தி ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

கரும்பாறைத் தோட்டத்தில் பிரியந்திக்கு 'லைவ் அக்கா' என்று பெயர். பள்ளிக்கூடம் முடித்ததும் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் தரை கூட்டப் போனவள். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டாள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஸ்டூடியோ மூடிப்போனது. அதே வருடம் அவள் புருஷன் வேன் ஓட்டக் கொழும்புக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி கொடுத்த பழைய கமராவோடு அவள் அப்பாவின் காம்பிராவுக்குத் திரும்பி வந்தாள். தோட்டத்துப் பெடியன்கள் கட்டாருக்கும் டுபாய்க்கும் இத்தாலிக்கும் போன பிறகுதான் அவளுக்கு மறுபடியும் வேலை வந்தது. தீபாவளிக் கிரிக்கெட்டை அங்கே இருந்தே பார்க்க வேண்டும் என்றார்கள் அவர்கள். அவள் கமராவை லெப்டொப்பில் செருகினாள். கோயில் மேட்டுச் சவுக்கு மரத்தில்தான் சிக்னல் வரும். ரவுட்டரைப் பொலித்தீன் பையில் சுற்றி அங்கே கட்டினாள்.

அப்பா இராமையா ஸ்டோரில் தூள் சலித்தவர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். "நல்ல தூளெல்லாம் கப்பலேறிடும் மக. மிஞ்சுற டஸ்டுலதான் நம்ம தேத்தண்ணி" என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிவந்தவர். லைவ் வேலையில் இறங்கியதும் பிரியந்தி இதைத் தலைகீழாக்கி ஒரு சட்டமாகவே வைத்துக்கொண்டாள். வெளிநாட்டுக்கு டஸ்ட், வீட்டுக்கு நல்ல தூள். சவுக்கு மரத்துச் சிக்னல் ஓடைத் தண்ணீர் மாதிரி. அதில் பெரிய படத்தை விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் லைவில் போவதை இளைக்கவைத்து அனுப்புவாள். ஆனால் அதே நேரம் லெப்டொப்புக்குள் தனியாக ஒரு பதிவு ஓடும். அதற்கு இளைப்பு எதுவும் கிடையாது. கமரா கண்டதெல்லாம் அப்படியே இருக்கும். பிறகு விக்கெட்டுகளை வெட்டிப் போடுவதும், யாராவது தகராறு செய்தால் நிறுத்தி நிறுத்திக் காட்டுவதும் அந்தப் பதிவிலிருந்துதான்.

இதைக் கேட்டபோது இராமையாவுக்குச் சிரிப்பு வந்தது. "தொரமாரு கேட்டா ஒன்னய வேலய விட்டுத் தூக்கிருவாங்க" என்றார். பிறகு போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்தவை இரண்டுதான்: மகளைப் பற்றிய இந்தப் பேச்சும், அம்பயர் கோட்டும். தோட்டத்து மருந்துச்சாலையில் கழித்துப் போட்ட வெள்ளைக் கோட்டை நீலம் போட்டுத் துவைத்து, மாட்ச் இருக்கும் நாளெல்லாம் மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து மாட்டிக்கொள்வார்.

அந்தச் சட்டத்தைப் பிரியந்தி ஒரே ஒரு நாள் மீறினாள்.

அரையிறுதியில் லெப்டொப் திணறியது. ஒரே நேரத்தில் இரண்டு விதமாகப் படம் சமைக்க அதற்குத் தெம்பு போதவில்லை. உள்ளே விசிறி அலற, கடைசி ஓவரில் லைவ் நின்றுபோனது. கட்டாரிலிருந்தும் மிலானிலிருந்தும் வந்த வசவுகளை அவள் படித்து முடிக்கவே இல்லை. அதனால் இறுதிப்போட்டி அன்று காலை, பதிவுக்கான இடத்தில் 'லைவ் எப்படியோ பதிவும் அப்படியே' என்ற பொருள்படும் கட்டத்தில் ஒரு சரி போட்டாள். ஒரு தடவை சமைத்து இரண்டு தட்டில் போடுவது. லெப்டொப் குளிர்ந்தது. விசிறிச் சத்தம் அடங்கியதும் அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் ஒரே தோட்டத்தின் இரண்டு பிரிவுகள். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். கிரிக்கெட் என்று வந்தால் மட்டும் மச்சான் மச்சான் இல்லை. இடைவேளையில் பனி இறங்கத் தொடங்கியது. திரையின் ஓரத்தில் வெளிநாட்டுப் பெடியன்கள் வரிசையாக எழுதினார்கள்: தொங்குது அக்கா. நிக்குது அக்கா. குவாலிட்டிய கொறைங்க அக்கா. அவள் குறைத்தாள். வெளியே போவது இளைக்க இளைக்க, உள்ளே பதிவதும் கூடவே இளைத்ததை அவள் மறந்துபோனாள்.

வெளிச்சம் மங்கினால் கமரா இருட்டில் தடவும். அப்போது படமெல்லாம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். இருக்கிற கொஞ்சச் சிக்னலும் அந்த மணலைச் சுமக்கவே சரியாகப் போகும். ஓடுகிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஓடியவன் பிரதாப். கொழும்பில் துணிக்கடையில் வேலை, தீபாவளி லீவில் வந்து மேல்கணக்குக்கு ஆடியவன். கடைசி விக்கெட், கொஞ்ச ஓட்டம்தான் பாக்கி, அவன் நின்றால் கிண்ணம் அவர்களுக்கு. தட்டிவிட்டு ஓடினான். இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பினான். எல்லையிலிருந்து வந்த பந்து நேராகக் குச்சியில் பட்டது. பக்கவாட்டில், சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரே ஒரு கம்பில் பிரியந்தி பழைய போன் ஒன்றைக் கட்டி இரண்டாவது கமராவாக வைத்திருந்தாள். சரியான நொடியில் அந்தப் படத்துக்கு மாற்றினாள். அப்படி மாற்றத் தெரிந்தவள் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அந்தக் கமராவுக்கு எதிர்ப் பக்கம் நின்ற இராமையா விரலை உயர்த்தினார். கிண்ணம் கீழ்க்கணக்குக்கு.

மேல்கணக்கு முழுவதும் லெப்டொப்பை நோக்கி ஓடிவந்தது. முன்னால் யோகேஸ்வரன். விளையாட்டுக் கழகத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். சத்தம் போட மாட்டார்.

"போட்டுக் காட்டு தங்கச்சி. ஒம் படம் பொய் சொல்லாதுல்ல."

அவள் போட்டுக் காட்டினாள். சாம்பல் கட்டங்கள். கட்டங்களுக்கு நடுவே வால் முளைத்த ஒரு துடுப்பு மட்டை. சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில் கழுவித் துடைத்த தரை.

"கோடு எங்கம்மா?" என்றார் யோகேஸ்வரன்.

"பனிண்ணே..."

"எல்லாப் பந்துக்கும் கோடு இருந்துச்சு. ஒங்கப்பா வெரலத் தூக்குன பந்துக்கு மட்டும் பனியா?"

பின்னால் யாரோ சிரித்தான். யாரோ இராமையாவைத் தள்ளினான். யாரோ அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை உருவினான். மறுநாள் காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் கூடியபோது, கீழ்க்கணக்கின் சொறிநாய் ஒன்று அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைகள் தரையில் இழுபட, லயத்தைச் சுற்றிவந்தது. 'அம்பயர் ரவுண்டு போறாரு' என்று எழுதி யாரோ அதைப் போனில் எடுத்து விட்டிருந்தார்கள். பொழுதுசாய்வதற்குள் மிலான் வரை போய்விட்டது. பிரியந்தி ஒருமுறை பார்த்தாள். நாயின் மூக்கு மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. மிக நல்ல பதிவு.

அன்றிலிருந்து இராமையா சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள், திரும்பாமலே கேட்டார்.

"மக, டஸ்டத்தான அவனுங்களுக்குக் காட்டுன? நல்ல தூள் வீட்டுல இருக்குல்ல?"

அவள் அதற்கு முன்பே தேடிப் பார்த்திருந்தாள். உள்ளே இருந்ததும் அதே டஸ்ட்தான். ஆனால் அடுப்பில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவர் முதுகெலும்பு சட்டைக்குள்ளே சங்கிலி மாதிரித் தெரிந்தது.

"இருக்குப்பா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பின்ன ஏன்டி இம்புட்டு நாள் சும்மா இருந்த?" என்றார். சம்பலைத் தொட்டு இரண்டு ரொட்டி தின்றார். முகம் கழுவினார். சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போனார். கடைக்குப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

அவர் போனது மாரியம்மன் கோயிலுக்கு. அன்று வெள்ளிக்கிழமைப் பூசை, இரண்டு கணக்கும் கூடியிருந்தது. நடந்ததை ராக்காயிதான் ஓடிவந்து சொன்னாள். இந்தமுறை அவளே கண்ணால் பார்த்தது, பஸ் தேவைப்படவில்லை.

"சூடத்தக் கொளுத்தி உள்ளங்கையால அமுக்கி அணச்சிட்டாரு புள்ள. 'அந்தப் பய கோட்டுக்கு வெளியதான் நின்னான். பொய்யின்னா எம்மக ரெண்டு கண்ணும் அவிஞ்சு போவட்டும்'னு சத்தியம் பண்ணிட்டாரு. ஞாயித்துக்கெழம நீ படத்தப் போட்டுக் காட்டுவன்னு சொல்லிட்டாரு. யோகேஸ்வரன் இருக்காருல்ல, அவரு ஒடனே, 'நல்லது பெரியவரே, வெள்ளச் சீல கட்டி எல்லாரும் பாக்குற மாதிரிப் போடுவோம்'னுட்டாரு."

இராமையா வந்தபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"ஏம்ப்பா? சத்தியம் பண்ண ஒங்க கண்ணு இல்லயா? எங் கண்ணுதான் கெடச்சுச்சா?"

"எங் கண்ணு வயசான கண்ணு மக, அத யாரு நம்புவா? ஒங் கண்ணுதான எனக்குச் சாட்சி" என்றார் அவர். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி வாயைத் திறந்தாள். அவர் கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவக் கையை நீட்டினார். தடவினாள்.

அந்தப் படத்தைத் தேற்ற அவள் செய்யாத வேலை இல்லை. கூர்மையைக் கூட்டினாள், கோடு இரண்டு இடத்தில் முளைத்தது. வெளிச்சத்தைக் கூட்டினாள், பனி பாலாகியது. மங்கின படத்தைத் தானாகவே துலக்கித் தரும் சாமான் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதில் போட்டாள். கண்ணாடி மாதிரி ஒரு படம் வந்தது. அதில் பிரதாப் கோட்டுக்கு வெளியே இருந்தான். ஒரு முழம் வெளியே. பார்த்துக்கொண்டே இருந்தவள், பிறகு அவன் காலைப் பார்த்தாள். வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தான். அன்று அவன் வெறுங்காலோடு ஆடியதை இரண்டு கணக்கும் பார்த்திருந்தது. தெரியாததையெல்லாம் அந்தச் சாமான் தன்பாட்டுக்கு வரைந்துவிட்டிருக்கிறது. அவள் அதை அழித்தாள்.

சனிக்கிழமை நோர்வூட் பஸ் நிற்குமிடத்தில் பிரதாப்பே எதிரில் வந்தான். கொழும்புக்குப் போகிற பையோடு.

"அக்கா, ஒரு நிமிஷம். நான் உள்ள வந்துட்டேன்க்கா. துடுப்பு தரையில ஒரசுனது எங் கைக்குத் தெரியும். ஆனா விட்டுருங்க. பெரியவரு பாவம், சத்தியமெல்லாம் பண்ணிட்டாரு. நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க. வீடியோ கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க, நானும் எங்க ஆளுங்ககிட்டப் பேசுறேன்."

இரவு முழுவதும் தூங்காத பிரியந்திக்கு அந்தப் பரிவுதான் பொறுக்கவில்லை.

"போடாம இருக்கணுமா? பயந்துட்டியா? எங்கப்பன் கோட்ட நாய்க்குப் போட்டீங்களே, அப்ப எங்கடா போச்சு ஒன் பாவம்? பொய்க்காரப் பயலே. ஒங்கப்பன் கொழுந்துப் பையில கல்லப் போட்டுத் தராசுல நிறுத்தவன்தான. ஒனக்கு வேற எப்புடி வரும்?"

பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டக்டர்கூட மிதிபலகையில் நின்று கேட்டான். செத்துப்போன அப்பனை இழுத்தபோது பிரதாப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "சரிக்கா" என்றான். தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினான்.

அவளுக்கு அது நன்றாக இருந்தது. வீடு வரும்வரைக்கும் நன்றாகவே இருந்தது.

ஞாயிறு பிற்பகல் யோகேஸ்வரனிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, சீல கட்டியாச்சு. வெளிநாட்டுப் பெடியனுங்களும் பாக்கணுங்கிறானுங்க. நீ ரன் அவுட்டப் போடுறதயே லைவ்ல விட்டுரு. ஒனக்கும் பேரு, ஒங்கப்பாவுக்கும் பேரு." சிரிக்காமல்தான் சொன்னார்.

இராமையா முன்பே கோயிலுக்குப் போய்விட்டார். அந்தக் கோட்டைக் கேட்டு வாங்கி, மறுபடியும் நீலம் போட்டுத் துவைத்து மாட்டியிருந்தார். நாய்ப் பல் பட்டுக் கிழிந்த இடத்தைப் பிரியந்திதான் தைத்துக் கொடுத்தாள்.

சீலையில் போட அவளிடம் இருந்தது சாம்பல் கட்டங்கள் மட்டுமே. கோயில் முன்னால் நின்று, "எங்கிட்ட இல்ல, இருக்குன்னு நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். பழி தன்மேல் வரும். அப்பாவின் சொல் நிற்கும். அது போதும். லைவுக்காகப் பழைய போனை எடுத்தாள். மாட்ச் அன்று கோட்டுக்கு நேரே கட்டியிருந்த அதே போன்தான்; சிம் இல்லாதது, கண்ணாடி வெடித்தது. லெப்டொப்புக்குப் படம் அனுப்புகிற செயலியைத் திறந்தாள். 'இடம் இல்லை' என்றது.

"சனியனே, ஒனக்குள்ள என்னதான் இருக்கு?" என்று திட்டிக்கொண்டே உள்ளே போய்ப் பார்த்தாள்.

இறுதிப்போட்டி இருந்தது. முழுவதும்.

அந்தச் செயலி படத்தை லெப்டொப்புக்கு அனுப்புவதோடு நிற்கவில்லை. இளைக்காத பிரதி ஒன்றைத் தன் வயிற்றிலேயே சேமித்துவைத்திருக்கிறது. போன மாதம் போனைத் துடைத்துச் செயலியைப் புதிதாக ஏற்றியபோது, கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் சரி, சரி என்று தட்டியதில் அதுவும் ஒரு சரி. நல்ல தூள் வீட்டில்தான் இருந்திருக்கிறது. அவள் அப்பாவிடம் சொன்னது பொய்யே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. மாரியாத்தாளை வாய்விட்டுக் கூப்பிட்டாள். அந்தப் பந்துக்கு ஓட்டினாள்.

பனி இருந்தது. ஆனாலும் கோடு இருந்தது. சுண்ணாம்பு சிதறிய பொட்டுகள்கூட இருந்தன. பிரதாப்பின் வெறுங்கால், கால்விரலில் ஒட்டிய புல், தரையில் உரசி வரும் துடுப்பு. அவள் ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். துடுப்பு கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. தாண்டி ஒரு சாண் உள்ளே போனது. பந்து இன்னும் குச்சிக்கு வரவில்லை.

திரும்பப் பின்னால் ஓட்டினாள். திரும்ப முன்னால். ஒவ்வொரு தடவையும் துடுப்பு உள்ளேதான் போனது.

பிறகுதான், அந்தப் பக்கம் கமராவைப் பார்த்தபடி நின்ற அப்பாவைக் கவனித்தாள். கோட்டின் பொத்தான்கள் தெரிந்தன. விரல் உயர்ந்தது தெரிந்தது. முகத்தைப் பெரிதாக்கினாள். அவ்வளவு பெரிதாக்கியும் படம் உடையவில்லை. அப்படி ஒரு பதிவைத்தான் அவள் இத்தனை வருடமும் ஆசைப்பட்டாள். மூக்குக்கண்ணாடிச் சில்லு இரண்டிலும் பனி அப்பி, வெள்ளைச் சில்லறை இரண்டை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் கண் இருக்கும் இடமே தெரியவில்லை.

கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. யோகேஸ்வரனின் குரல் தேயிலை மலை முழுவதும் இறங்கியது.

"லைவ் தங்கச்சி இன்னும் வந்து சேரல. பெரியவரே, புள்ளைக்கு ஒரு போன் கோல் எடுங்க பாப்பம்... அந்த மைக்க இங்கிட்டு போனுகிட்ட வைங்கப்பா, எல்லாரும் கேக்கட்டும்."

அப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது. மைக்குக்குப் பழகாத, சந்தோஷமான குரல். "வந்துருவா, வந்துருவா. நல்ல தூளு கொண்டாறால்ல, நேரமாகத்தான் செய்யும்."

கூட்டம் சிரித்தது.

மேசைமேல் பிரியந்தியின் போன் அடித்தது. திரையில் அப்பா என்று வந்தது. அவள் ஒரு கையில் பழைய போன் இருந்தது. அதில் துடுப்பு உள்ளே இருந்தது. காம்பிராவுக்குள் மணி ஒலித்தது. வெளியே, ஒலிபெருக்கி வழியாக, அவள் எடுப்பதற்காகக் காத்திருக்கும் அந்த ட்ரீங் ட்ரீங் மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் சேர்த்துக் கேட்டது. சிரிப்பு மெல்ல அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் ராக்காயி, "புள்ள, ஒங்கப்பாதான், எடேன்" என்றாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.